முள் 105-ஐக் காட்டினால் எதை மாற்றுவது: மீட்டரா, சென்சாரா, வயரா?

மலாக்கா நீரிணையில் பாய்மரப் படகு ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், இங்கே பாயை விட இன்ஜினுக்குத்தான் வேலை அதிகம். பல நாள் காற்றே இருக்காது. வந்தால் விடியலுக்கு முன்னால் சுமத்ரா பக்கமிருந்து இடியும் மழையுமாகத் திரண்டு வந்து அடித்துவிட்டுப் போய்விடும். அப்படி ஒரு காற்றில்லாத காலையில் போர்ட் கிள்ளானிலிருந்து பங்கோர் நோக்கி இன்ஜினில் போய்க்கொண்டிருந்தோம். எப்போதும் 80-ஐ ஒட்டியே நிற்கும் வெப்பநிலை முள் ஒரு நிமிடத்துக்குள் 105-க்குப் போய் நின்றது.

த்ராட்டிலைக் குறைத்துவிட்டுப் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். எக்ஸாஸ்ட் தண்ணீர், அதாவது இன்ஜினைக் குளிர்வித்துவிட்டுப் புகையோடு வெளியேறும் கடல் நீர், வழக்கம்போல விட்டு விட்டுக் கொப்பளித்து விழுந்துகொண்டிருந்தது. அலாரம் அடிக்கவில்லை. சுக்கானில் இருந்த மனைவி, "பக்கத்துல கப்பல் எதுவும் இல்ல, ஆஃப் பண்ணிட்டே பாருங்க" என்றாள். ஆஃப் செய்துவிட்டு, படிக்கட்டைக் கழற்றி இன்ஜின் அறைக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். ஆவி இல்லை, கூலன்ட் (இன்ஜினுக்குள் சுற்றிக் குளிர்விக்கும் திரவம்) வாடை இல்லை, ரப்பர் கருகும் வாடையும் இல்லை. தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் வால்வு) மூடியின் பெயின்ட் அடித்த பக்கத்தில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை வைத்தால் 79 காட்டியது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி இன்ஜினை எழுப்பி, கால் மணிக்கு ஒருமுறை அதே இடத்தில் அளந்துகொண்டே பங்கோருக்கு எதிர்க்கரையில் இருக்கும் லுமுட் வரை போய்ச் சேர்ந்தோம். முள் வழி முழுக்க 105-ஐ விட்டு இறங்கவில்லை, இன்ஜினோ 80-ஐத் தாண்டவில்லை.

கரையில் கட்டிய பிறகு ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். மீட்டரைத் தூக்கிப் போட்டுப் புதுசு வாங்கு என்றார் ஒருவர். சென்சார்தான் போயிருக்கும், எல்லாருக்கும் அதுதான் போகும் என்றார் இன்னொருவர். இந்தக் காலத்தில் யார் முள் மீட்டர் வைத்திருக்கிறார்கள், எல்லாவற்றையும் டிஜிட்டலாக்கிவிடு என்றார் மூன்றாமவர். எனக்கு நிறைய நேரம் இருந்தது, பணம் அவ்வளவு இல்லை. அதனால் ஒவ்வொரு வழியையும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுத்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு மதியத்தை வயரிங்குக்குக் கொடுங்கள், சென்சாரைச் சோதித்துத் தேவைப்பட்டால் மாற்றுங்கள், மிச்சமாகும் பணத்தில் இந்த மீட்டரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஓர் எக்ஸாஸ்ட் அலாரம் (புகைக் குழாய் சூடானால் அலறுவது) போடுங்கள். ஏன் என்பதுதான் மீதிக் கட்டுரை.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். முள் ஏறினால் மீட்டர்தான் கெட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். உண்மையிலேயே சூடாகியிருக்க எத்தனையோ காரணம் உண்டு: கடல் நீர் வடிகட்டியில் பாசியோ பிளாஸ்டிக்கோ அடைத்திருக்கலாம், கடல் நீர் பம்புக்குள் சுழலும் இம்பெல்லரின் இறகு உடைந்திருக்கலாம், பெல்ட் தளர்ந்திருக்கலாம், கூலன்ட் குறைந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருக்கலாம், எக்ஸாஸ்ட் வளைவில் கரி படிந்து தண்ணீர் போகும் வழி குறுகியிருக்கலாம். இவை ஒன்றும் இல்லை என்று கண்ணாலும் கையாலும், இன்னொரு தெர்மாமீட்டராலும் பார்த்த பிறகுதான் முள் மேல் சந்தேகப்பட வேண்டும். கூலன்ட் மூடியை மட்டும் சூட்டோடு திறக்கவே கூடாது, அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் நேராக முகத்தில்தான் பீறிடும்.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை நம்புவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மின்னும் உலோகத்தில், அதாவது பெயின்ட் இல்லாத அலுமினியத்திலோ பித்தளையிலோ வைத்தால், அது உண்மையை விடக் குறைவாகவே காட்டும். இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போது 55 என்று காட்டி ஆளை ஏமாற்றிவிடும். தெர்மோஸ்டாட் மூடிக்குப் பக்கத்தில் மினுமினுப்பில்லாத கறுப்பு பெயின்ட் கொஞ்சம் தடவி, அதையே நிரந்தர அளவிடும் இடமாக வைத்துக்கொள்ளுங்கள். கருவியை நன்றாக நெருக்கிப் பிடியுங்கள், தூரத்தில் நின்றால் சுற்றியுள்ள இடத்தையும் சேர்த்துச் சராசரி காட்டும்.

உங்கள் இன்ஜினுக்கு எது சரியான வெப்பநிலை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். உதாரணத்துக்கு ஜப்பானிய நிறுவனமான யன்மாரின் பழைய ஜிஎம் இன்ஜின் வரிசையை எடுத்துக்கொண்டால், கூலன்ட்டும் ஹீட் எக்ஸ்சேஞ்சரும் (கூலன்ட்டின் சூட்டைக் கடல் நீருக்குக் கடத்தும் பகுதி) உள்ள 2ஜிஎம்20எஃப், 3ஜிஎம்30எஃப் போன்றவற்றில் தெர்மோஸ்டாட் 71 டிகிரியை ஒட்டித் திறக்க ஆரம்பித்து 85-இல் முழுதாகத் திறக்கும். அதே குடும்பத்தில் கடல் நீரையே நேராக உள்ளே விட்டுக் குளிர்விக்கும் இன்ஜின்களில் 42-இல் திறந்து 52-இல் முழுதாகிவிடும், உப்பு படியக் கூடாதென்பதற்காக. முன்னதில் 80 என்றால் நிம்மதியாக ஓட்டலாம். பின்னதில் 80 வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

சரி, முள்தான் பொய் சொல்கிறது என்று உறுதியாகிவிட்டது. இப்போது வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எதுவுமே செய்யாமல் விட்டுவிடுவதும் ஒரு வழிதான், நிறையப் படகுகளில் அப்படித்தான் விட்டிருக்கிறார்கள். அலாரம் இருக்கிறதே, எக்ஸாஸ்டில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதாதா என்பார்கள். அன்றைக்கு லுமுட் போய்ச் சேரும்வரை நானும் அதைத்தான் செய்தேன், அதற்கு மேல் நீட்டிக்க மனம் வரவில்லை. அலாரத்துக்கென்று தனி சுவிட்ச் இன்ஜினில் இருக்கிறது, அது மீட்டரின் சென்சார் இல்லை. கூலன்ட் இன்ஜின்களில் பெரும்பாலும் 95 டிகிரியை ஒட்டித்தான் அது மூடி பஸ்ஸரை அடிக்க வைக்கும். ஆக, 80-லிருந்து 95 வரை மெல்ல ஏறும் சூடு உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஹீட் எக்ஸ்சேஞ்சர் கொஞ்சம் கொஞ்சமாக அடைபடுவதை முன்கூட்டிச் சொல்வது மீட்டர் மட்டும்தான். இன்னொன்று, அந்த அலாரம் வேலை செய்கிறதா என்று எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள்? சாவியை ஆன் செய்து, அலாரம் சுவிட்சின் வயரைக் கழற்றி இன்ஜின் உடம்பில் தொட்டால் பஸ்ஸர் அடிக்க வேண்டும், சாதாரண ஒற்றை வயர் சுவிட்சுக்கு இந்தச் சோதனை போதும். அடிக்காவிட்டால் மீட்டரை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அதைச் சரி பண்ணுங்கள்.

அடுத்தது, வயரிங்கைத் துடைப்பது. இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் படகில் கதையே இங்கேதான் இருந்தது.

இந்த மீட்டர்கள் வேலை செய்யும் விதம் எளிது. இன்ஜினில் முறுக்கியிருக்கும் சென்சாருக்குள் இருப்பது சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு பொருள். விடிஓ என்ற நிறுவனத்தின் வகையில் 120 டிகிரி சென்சாரை எடுத்துக்கொண்டால் 40 டிகிரியில் சுமார் 290 ஓம், 60-இல் 134, 80-இல் 70-ஐ ஒட்டி, 90-இல் 51, 100-இல் 38, 120-இல் 22. மீட்டர் இந்தத் தடையைத்தான் பார்க்கிறது, வெப்பத்தைப் பார்ப்பதில்லை. அதனால் சென்சார் வயரைக் கழற்றிவிட்டால் முள் குளிர்ந்த பக்கம் விழ வேண்டும், அந்த வயரை ஒரு நொடி இன்ஜின் உடம்பில் தொட்டால் சூடான பக்கத்துக் கோடிக்குப் போக வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டருக்கு உயிர் இருக்கிறது, வயரும் அறுந்துபோகவில்லை. கழற்றியும் முள் மேலேயே நின்றால் அந்த வயர் எங்கேயோ உரசி எர்த் ஆகிறது, அல்லது மீட்டர் பக்கம் கோளாறு.

எனக்குக் கழற்றியபோது முள் விழுந்தது, ஆனால் முழுதாக விழவில்லை, நடுவழியில் தொங்கியது. அப்போதுதான் ஏதோ தோன்றி பேனல் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். விளக்கு எரிந்ததும் முள் இன்னும் மேலே நகர்ந்தது. இது ஒரு நல்ல அடையாளம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: விளக்கைப் போட்டால் வெப்பநிலை மாறுகிறதென்றால் பேனலின் எர்த் கெட்டிருக்கிறது. விளக்கு, மீட்டர், ஆர்பிஎம் எல்லாம் ஒரே கறுப்பு வயர் வழியாக எர்த்துக்குப் போகின்றன, அந்த வயரின் இணைப்பு பலவீனமானால் ஒன்றின் மின்சாரம் இன்னொன்றின் முள்ளைத் தள்ளும். பேனலைக் கழற்றிப் பார்த்தால் அந்த எர்த் லக் (வயர் முனையில் அடித்திருக்கும் உலோக இணைப்பு) முழுக்கப் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. காக்பிட்டில் வெயிலிலும் மழையிலும் உப்புத் தண்ணீரிலும் இத்தனை வருடம் நின்ற பேனல், ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. லக்கை வெட்டி எறிந்துவிட்டு, வயரைக் கறுப்பேறாத செம்பு தெரியும்வரை பின்னால் வெட்டிக்கொண்டே போய், புது லக் அடித்து, மேலே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் உறை) போட்டேன். முள் இறங்கிவிட்டது.

இங்கேயே நிறுத்தியிருந்தால் பெரிய தப்பு செய்திருப்பேன். இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி இன்ஃப்ராரெட்டில் பார்த்தால் 80, முள்ளோ இப்போது 70. முன்பு எப்போதும் 80-இல் நின்ற முள் ஏன் 70-இல் நிற்கிறது? யோசித்தால், அந்தப் பழைய 80 என்பதே இரண்டு பிழைகள் ஒன்றையொன்று சமன் செய்ததால் வந்த எண். ஒன்றைச் சரி செய்ததும் மற்றது வெளியே தெரிந்துவிட்டது.

பவரை முழுக்க ஆஃப் செய்துவிட்டு (மின்சாரம் ஓடும்போது ஓம் அளக்கக் கூடாது), மீட்டர் முனையில் சென்சார் வயரைக் கழற்றி அதற்கும் இன்ஜின் உடம்புக்கும் இடையே அளந்தேன். 95 ஓம் வந்தது. கீழே போய் சென்சாரின் முனையிலேயே அளந்தேன், 70. ஆக, சென்சார் சரியாகத்தான் சொல்கிறது, இடையில் 25 ஓம் எங்கிருந்தோ சேர்கிறது. இன்ஜினுக்கும் பேனலுக்கும் நடுவே பல வயர்களைச் சேர்க்கும் பெரிய பிளக் ஒன்று இருக்குமே, அதற்குள்தான். ஒரு பின் முழுக்கக் களிம்பு.

இந்த 25 ஓமைப் பற்றி நான் ரொம்பக் கவலைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. தடை கூடினால் முள் குறைவாகக் காட்டும். இன்ஜின் உண்மையிலேயே 100-க்குப் போனால் சென்சார் 38 ஓம் கொடுக்கும், அதோடு 25 சேர்ந்தால் 63, மீட்டர் அதை 83 டிகிரி என்று படிக்கும். இன்ஜின் கொதிக்கும்போது முள் சாதுவாக 83-இல் நிற்கும், நாமும் நிம்மதியாக ஓட்டிக்கொண்டே போவோம். அதிகமாகக் காட்டும் மீட்டர் நம்மைப் பயமுறுத்தி நிறுத்த வைக்கும், அவ்வளவுதான். குறைவாகக் காட்டும் மீட்டர் இன்ஜினையே காவு வாங்கிவிடும். கடல்படகில் களிம்பு பெரும்பாலும் இந்த இரண்டாவது பக்கமாகத்தான் தள்ளும்.

அந்தப் பிளக்கைச் சுத்தம் செய்வதா, தாண்டிப் போவதா என்று யோசித்து, சென்சாரிலிருந்து மீட்டர் வரை இடையில் எந்த இணைப்பும் இல்லாமல் வெள்ளீயம் பூசிய செம்பு வயர் ஒன்றை நேராக இழுத்தேன். சாதாரணச் செம்பு வயர் இந்த ஈரத்தில் உறைக்குள்ளேயே கறுத்துக்கொண்டு போகும், பூசியது அப்படிப் போவதில்லை. இன்ஜினுக்கும் பேனலுக்கும் இடையே கனமான எர்த் வயர் ஒன்றையும் தனியாகப் போட்டேன். சில மீட்டர் வயர், கொஞ்சம் லக், ஒரு மதியம், முதுகுவலி, செலவு இவ்வளவுதான். மற்ற எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த வேலையிலிருந்து தப்பிக்க முடியாது என்பதால் இதை முதல் இடத்தில் வைக்கிறேன்.

சென்சாரை மாற்றுவது மலிவானது, சுலபமானதும்கூட, ஆனால் இதில்தான் தவறு அதிகம் நடக்கிறது. கழற்றுவதற்கு முன்னால் அது கெட்டதா என்று சமையலறையிலேயே பார்த்துவிடலாம் என்பார்கள், கழற்றிய பிறகுதான் அது முடியும். கழற்றாமலே பார்க்க வேண்டுமென்றால் குளிர்ந்த இன்ஜினில் ஒருமுறையும், சூடான இன்ஜினில் இன்ஃப்ராரெட் அளவோடு ஒருமுறையும் ஓம் அளந்தால் போதும். கழற்றிவிட்டீர்களென்றால் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, சென்சாரின் முனையை மட்டும் மூழ்க விட்டு, உடம்புக்கும் முனைக்கும் நடுவே அளக்கலாம். கடல் மட்டத்தில் தண்ணீர் 100-இல் கொதிக்கும், மேலே சொன்ன வகையென்றால் 38 ஓம் பக்கம் வர வேண்டும்.

வாங்கும்போது இரண்டு பொருத்தம் பார்க்க வேண்டும். முதலாவது தடைப் பொருத்தம். ஐரோப்பிய மீட்டருக்கு ஒரு தடை வரிசை, அமெரிக்க மீட்டருக்கு வேறு. விடிஓவிலேயே 120 டிகிரி மீட்டருக்கு ஒன்று, 150 டிகிரிக்கு இன்னொன்று. மாற்றிப் போட்டால் எல்லாம் வேலை செய்வது போலவே இருக்கும், எண் மட்டும் தப்பாக இருக்கும். "எல்லாத்துக்கும் இதுதான் சார்" என்று கடையில் தருவதை வாங்காமல், மீட்டரின் முதுகில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு அதற்கான ஜோடியை வாங்குங்கள். இரண்டாவது மரைப் பொருத்தம். ஜப்பானிய இன்ஜின்களில் பெரும்பாலும் பிஎஸ்பிடி என்ற பிரிட்டிஷ் அளவு மரை, அமெரிக்கப் பொருள்களில் என்பிடி என்ற அமெரிக்க அளவு. பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் எட்டில் ஓர் அங்குல அளவில் பிஎஸ்பிடிக்கு அங்குலத்துக்கு 28 மரை, என்பிடிக்கு 27. இரண்டு சுற்று நன்றாக ஏறும், பிறகு இறுகும், அதோடு முழுதாகப் பொருந்திவிட்டதாக நினைத்துக்கொள்வோம், சூடேறியதும் கசியும். பலம் போட்டு முறுக்கினால் வார்ப்பில் இருக்கும் மரையே போய்விடும்.

ஒற்றை முனை சென்சார்களுக்கு இன்ஜின் உடம்புதான் எர்த், அதுவும் மரை வழியாக. அதில் வெள்ளை டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றிக் கட்டினால் எர்த் பலவீனமாகி, மறுபடியும் முள் குறைவாகக் காட்டும். நான் நுனி மரையை விட்டுவிட்டு மேல் மரையில் மட்டும் கொஞ்சம் சீலன்ட் தடவினேன், மாட்டிய பிறகு சென்சார் உடம்புக்கும் இன்ஜினுக்கும் இடையே ஓம் பார்த்தேன், பூஜ்ஜியத்தை ஒட்டி வந்தது. எர்த்தை உடம்பிலிருந்து பிரித்து வைத்திருக்கும் இன்ஜின்களில் இரண்டு முனை சென்சார் இருக்கும், அங்கே ஒற்றை முனையைப் போடவே கூடாது.

என் சென்சார் நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் வயதாகிவிட்டதென்று புதிது மாட்டிக்கொண்டு, பழையதைப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

மீட்டரை மாற்றலாமா என்ற கேள்விக்கு நான் சொல்லும் பதில், ரெசிஸ்டர் வைத்துப் பார்க்காமல் மாற்றாதீர்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் ரெசிஸ்டர்களில் 68, 51, 39, 22 ஓம் ஒவ்வொன்று வாங்குங்கள், ஒரு வாட்டோ அதற்கு மேலோ தாங்குவதாக. மீட்டரின் சென்சார் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே ஒவ்வொன்றாக வைத்தால், விடிஓ 120 வகையில் முள் முறையே 80, 90, 100, 120 பக்கம் நிற்க வேண்டும். நின்றால் மீட்டர் நூற்றுக்கு நூறு நல்லது, அதை மாற்றுவது வீண் செலவு. என்னுடையது கண்ணாடிக்குள் மூடுபனி படிந்து பார்க்கவே பாவமாக இருந்தது, ஆனாலும் நான்கு எண்ணிலும் சரியாக நின்றது. இந்த நான்கு ரெசிஸ்டர்களையும் ஒரு சின்ன உறையில் போட்டு, மேலே எண்களை எழுதி, மல்ட்டிமீட்டரோடு வைத்திருக்கிறேன். நடுக்கடலில் மீட்டரா, மற்றதா என்று இரண்டு நிமிடத்தில் பிரித்துச் சொல்லிவிடும். மாற்றத்தான் வேண்டுமென்றால் 52 மில்லிமீட்டர் துளை பொதுவான அளவு, பேனலை வெட்ட வேண்டியிருக்காது.

மின்சாரமே வேண்டாம், மெக்கானிக்கல் மீட்டர் போடலாம் என்பது பழைய ஆட்களின் யோசனை, எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. இன்ஜினில் ஒரு குமிழ், அதிலிருந்து மெல்லிய செம்புக் குழாய், மறுமுனையில் மீட்டர். உள்ளே அடைத்திருக்கும் திரவத்தால் சூட்டில் ஏறும் அழுத்தம் முள்ளைத் தள்ளும். பேட்டரி செத்தாலும் காட்டும், எர்த் கவலை இல்லை, களிம்பு கவலை இல்லை. ஆனால் குழாயை வெட்டவும் முடியாது ஒட்டவும் முடியாது, குமிழ் நுழையும் அளவுக்குத் தடுப்புப் பலகைகளில் ஓட்டை போட வேண்டும், இன்ஜின் அதிர்வில் ஓரிடத்தில் மடிந்து விரிசல் விட்டால் மொத்தமாக மாற்ற வேண்டியதுதான். இன்ஜின் படிக்கட்டுக்குக் கீழேயும் மீட்டர் அதற்கு நேர் மேலேயும் இருக்கும் சின்னப் படகுக்கு இது அருமையான வழி. என் படகில் பேனல் பின்பக்கத்தில், குழாய் மூன்று தடுப்பைத் தாண்ட வேண்டும், அதனால் விட்டுவிட்டேன்.

டிஜிட்டல் பற்றி. சென்சாரின் தடையை எண்ணாக மாற்றி படகுக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் என்எம்இஏ 2000 நெட்வொர்க் கம்பிக்குக் கொடுக்கும் பெட்டிகள் கிடைக்கின்றன, ஆக்டிசென்ஸின் இஎம்யூ-1 அப்படி ஒன்று. சார்ட் பிளாட்டரில் (கடல் வரைபடம் காட்டும் திரை) வெப்பநிலை தெரியும், நீங்கள் விரும்பும் எண்ணில் எச்சரிக்கை வைக்கலாம், மாதக்கணக்கில் பதிவும் வைத்துக்கொள்ளலாம். கைவேலை தெரிந்தவர்கள் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் டிஎஸ்18பி20 எனும் டிஜிட்டல் வெப்பநிலைச் சென்சார்களை மாட்டி இதையே மலிவாகச் செய்கிறார்கள். அந்தப் பதிவுதான் எனக்குப் பிடித்தது, போன வருடம் இதே ஆர்பிஎம்மில் 79 இருந்தது, இப்போது 83 இருக்கிறது என்று தெரிந்தால் ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டிய நேரம் தெரிந்துவிடும். ஆனால் ஒன்றை யோசியுங்கள். அந்தப் பெட்டியை அதே களிம்பு பிடித்த வயரின் முனையில் மாட்டினால், 100 டிகிரியை அதுவும் 83 என்றுதான் சொல்லும், எண்ணாகப் பளிச்சென்று தெரிவதால் நாம் இன்னும் அதிகமாக நம்புவோம். வயரிங் சுத்தமான பிறகு, ஏற்கெனவே அந்த நெட்வொர்க் உள்ள படகில், தாராளமாகப் போடலாம். மீட்டர் கெட்டது என்பதற்காக நெட்வொர்க்கையே புதிதாக இழுப்பதை நான் செய்ய மாட்டேன்.

இனி எக்ஸாஸ்ட் அலாரம். இது மீட்டர் பழுதுக்கு நேரான பதில் கிடையாது, ஆனால் மீட்டரைச் சரி செய்ய ஒதுக்கிய பணத்தில் முக்கால்வாசி இதற்குத்தான் போக வேண்டும் என்று நினைக்கிறேன். கூலன்ட் மீட்டருக்கு இரண்டு குருட்டுப் பக்கங்கள் உண்டு. கடல் நீர் நின்றுபோனால், உள்ளே சுற்றும் கூலன்ட்டும் இரும்பும் சூடாகச் சில நிமிடம் எடுக்கும், ஆனால் தண்ணீர் இல்லாமல் ஓடும் இம்பெல்லரும், குளிர்ச்சி இழந்த எக்ஸாஸ்ட் ரப்பர் குழாயும் அதற்குள் கருக ஆரம்பித்துவிடும். மற்றது இன்னும் மோசம்: கூலன்ட் கசிந்து சென்சார் தண்ணீரில் மூழ்காமல் காற்றில் நின்றால், முள் ஏறுவதற்குப் பதிலாக இறங்கவும் செய்யும். எக்ஸாஸ்ட் குழாயின் மேல், கடல் நீர் கலக்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே பட்டி மாதிரி கட்டிவிடும் சென்சார் முதல் விஷயத்தை உடனே பிடித்துவிடும். தண்ணீர் ஓடும்வரை அந்தக் குழாயைக் கையால் தொட முடியும், நின்றதும் சூடு விர்ரென்று ஏறும். இன்ஜினின் வயரிங்கில் எதையும் தொடாமல், தனி ஃப்யூஸ், தனி பஸ்ஸர் வைத்துப் போட்டேன், ஒன்று பொய் சொன்னாலும் மற்றது அதோடு சேர்ந்து பொய் சொல்லக் கூடாது என்பதற்காக.

யாருக்கு எது என்று கேட்டால், வார இறுதியில் போர்ட் டிக்சனைச் சுற்றி வருகிறவருக்கு வயரிங்கும் சோதித்துப் பார்த்த அலாரமும் போதும். லங்காவியிலிருந்து கிளம்பி ஆயிரம் கடல் மைலுக்கு மேல் தாண்டித் திருகோணமலை போகிறவர் வயரிங், எக்ஸாஸ்ட் அலாரம், பெட்டியில் ஒரு மாற்றுச் சென்சார், நான்கு ரெசிஸ்டர், இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இவ்வளவும் வைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும், வழியில் கடை கிடையாது.

வேலை முடிந்த பிறகு சூடான இன்ஜினில் முள் 81, இன்ஃப்ராரெட் 80. அந்த இடத்தில் மீட்டர் கண்ணாடியில் சிவப்பு டேப்பை நூல் அளவுக்கு வெட்டி ஒட்டியிருக்கிறேன், சுக்கானில் யார் இருந்தாலும் எண்ணைப் படிக்காமலே தெரியும். மூன்று வாரம் கழித்து, பினாங்குக்குத் தெற்கே மறுபடியும் காற்றில்லாத ஒரு மதியம், எக்ஸாஸ்ட் பஸ்ஸர் அலறியது. உடனே நிறுத்திவிட்டுப் பார்த்தால், கடல் நீர் உறிஞ்சும் வாயில் ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொண்டிருந்தது. நிறுத்தும் நொடியில் மீட்டரைப் பார்த்தேன், முள் 82-இல் இருந்தது.